கம்பெனி வீடு

தமிழ் நாடகத்தின் வரலாறு என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் பெயர்ப் பட்டியல். எந்த நாடகத்தை யார் எழுதினார், யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், எந்த ஊரில் எத்தனை நாள் நடந்தது என்பவையெல்லாம் தேடினால் கிடைக்கும். அந்த நடிகர்கள் மறுநாள் காலை எந்தக் கூரையின்கீழ் எழுந்தார்கள், அவர்களுக்குச் சோறு போட்டது யார், எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார், குரல் உடைந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை நம் வரலாற்றாசிரியர்கள் கேட்பதில்லை. மேடையில் நடப்பது மட்டுமே நாடகம் என்ற நினைப்பு அவர்களுக்கு.

நம் விமர்சனமும் இதில் மேலானதல்ல. அச்சான பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு, இதில் நாடகம் எங்கே இருக்கிறது, பாட்டும் பிரசங்கமும்தானே இருக்கிறது என்று கேட்டு ஒதுக்கிவிட்டோம். ‘பாய்ஸ் கம்பெனி நடிப்பு’ என்பது நம்மிடையே ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பிரதியை மட்டும் வைத்துச் சொன்னால் அந்தத் தீர்ப்பில் பெரிய பிழை இல்லை. ஆனால் பிரதி அந்த அமைப்பின் ஒரு சிறு பகுதி. மற்றதைப் பார்க்கக் கம்பெனி வீட்டுக்குள் போக வேண்டும்.

டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். 1925இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவாகத் தொடங்கி, 1950 வரை முழுநேரக் கம்பெனியாகவும், அதன்பின் டி.கே.எஸ். நாடகக் குழுவாகவும் இயங்கியது அது. சகோதரர்களில் மூன்றாமவரான டி.கே. சண்முகம் 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற தன்வரலாற்றை நூலாக்கி, 1973இல் காலமானார். தமிழில் ஒரு நாடக அமைப்பு உள்ளிருந்தே இத்தனை விரிவாகத் தன்னைச் சொல்லிக்கொண்டது அரிது. அந்நூலை நடிகர் ஒருவரின் வெற்றிக் கதையாகப் படிப்பது வழக்கம். ஓர் அமைப்பின் பேரேடாகவும் அதைப் படிக்கலாம். பகலெல்லாம் பேரேடு எழுதுகிறவனுக்கு அப்படித்தான் படிக்க வருகிறது.

*

கதை சகோதரர்களுக்கு முன்னால் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சிக் கம்பெனிகளின் படுதாவும் ஆர்மோனியமும் தமிழ் ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது, இங்கே தொழில்முறைக் குழுக்கள் தலையெடுத்தன. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்கு நாடகம் மாலைநேர அலுவல். இரவு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இருக்கும். தொழில்முறை நடிகனுக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. அவனுடைய குடியும், மேடையில் தன்னிஷ்டத்துக்குப் பேசிப் பாடிப் போட்டியிடும் பழக்கமும் அக்காலத்து ஆசிரியர்களின் நிரந்தரமான புகார்.

1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் அந்த உலகத்து நடிகர். எமனும் சனீசுவரனும் இரணியனும் அவருடைய வேஷங்கள். அவருடைய கோர வேஷத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும், அதிலிருந்து அவர் வேஷம் கட்டுவதையே விட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. உண்மை எப்படியோ, அவர் ஆசிரியராக மாறினார் என்பதுதான் நமக்கு முக்கியம். பெரியவர்களிடம் கிடைக்காத ஒழுங்கு சிறுவர்களிடம் கிடைத்தது. சமரச சன்மார்க்க சபையிலும், பிறகு 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையிலும் அவர் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தினார். சிறுவன் சொன்னதைச் சொன்னபடி செய்வான்; வேறு கம்பெனிக்குப் பேரம் பேசமாட்டான்; சம்பளம் கேட்கமாட்டான். பாய்ஸ் கம்பெனி ஒரு கலைக் கண்டுபிடிப்பாக இருந்த அளவுக்கு ஒரு தொழில் ஏற்பாடாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பேசுகிறவர்கள் இரண்டையும் புரிந்துகொள்வதில்லை.

ஸ்திரீபார்ட் நடிகராக இருந்த கண்ணுசாமிப் பிள்ளையின் பிள்ளைகள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரும் 1918இல் இந்தப் பாலசபையில் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு வயது ஆறு. அவனுக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் சொல்கிறார். இதை மேதைமைக்குச் சான்றாகவே நாம் எப்போதும் மேற்கோள் காட்டுகிறோம். ஓர் ஆசிரியர் தன் எதிரில் இருக்கும் குழந்தையின் குரலுக்கும் மூச்சுக்கும் நாவுக்கும் அளவெடுத்து ஒரு நாடகத்தைத் தைத்திருக்கிறார் என்று அதையே வேறுவிதமாகவும் சொல்லலாம். அந்தப் பிரதியை அச்சில் பார்க்கும்போது நமக்குக் கிடைக்காமல் போவது அந்த ஆறு வயது உடம்பு.

*

கம்பெனி ஓர் ஊருக்கு வந்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும். கொட்டகை ஒன்று, வீடு ஒன்று வாடகைக்கு எடுப்பார்கள். அந்த வீடுதான் கம்பெனி வீடு. சமையல்காரரும் வாத்தியாரும் பக்கவாத்தியக்காரர்களும் சீன் வேலைக்காரர்களும் இருபது முப்பது பையன்களுமாக ஒரு கூட்டுக் குடும்பம். காலையில் பாட்டு, பிறகு வசனப் பாடம், நடை, ஒத்திகை. இரவு நாடகம். நாடகம் இல்லாத நாளில் அடுத்த நாடகத்துக்கான பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பையன் வெண்பாவும் விருத்தமும் சீர் பிரித்துச் சொல்லக் கற்றான். தாளத்தை உடம்பால் கற்றான். ஒரே பையன் ஒரு நாடகத்தின் எல்லா வேஷத்துக்கும் உரிய பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடமாக வைத்திருப்பான். யாருக்காவது ஜுரம் கண்டால் வேறொருவன் அன்றிரவே அந்த வேஷத்தைக் கட்டிக்கொள்வான்.

இந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது. ஆனால் இதிலிருந்து வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பயிற்சியில் எஸ்.ஜி. கிட்டப்பா. சகோதரர்களின் கம்பெனியில் என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி, பெண்வேஷத்தில் பெயர் எடுத்துப் பின்னால் திரைப்பட இயக்குநரான ஏ.பி. நாகராஜன். மற்றக் கம்பெனிகளில் எம்.ஜி. ராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா, எம்.ஆர். ராதா, சிவாஜி கணேசன். தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டுப் பேச்சு, பாட்டு, அரசியல் மூன்றின் தொனியையும் தீர்மானித்த குரல்களில் பல கம்பெனி வீட்டின் திண்ணைகளில் பழக்கப்பட்டவை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் இல்லை.

பையன்கள் ஏன் வந்தார்கள்? கலைத் தாகத்தால் என்று பிற்காலத்தில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் சொல்லும். ராமச்சந்திரனும் அண்ணன் சக்கரபாணியும் தகப்பனில்லாத வீட்டின் பசியால் வந்தார்கள். கணேசன் தன்னை அநாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அநாதைக்கு உடனே இடம் கிடைக்கும் என்று ஒரு சிறுவனுக்குத் தெரிந்திருந்தது என்பதே அந்த அமைப்பைப் பற்றிய ஒரு முழு வாக்குமூலம். இன்று கலை அமைப்புகள் தனியாக ஒரு கிளை வைத்து, நிதி கேட்டு, அறிக்கை எழுதிச் செய்யும் ‘சமூகப் பணி’ என்பது அன்று பந்தியில் போடும் இலைதான். அதற்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதன் விலையையும் கணக்கில் எழுதியாக வேண்டும். பிரம்படி சர்வசாதாரணம். தூக்கமில்லாத இரவுகள். வருஷக்கணக்கில் தாய் முகம் பார்க்காத பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் மேலாக மகரக்கட்டு. குரல் உடையும் பருவத்துக்குக் கம்பெனிகளில் வழங்கிய பெயர் அது. நேற்றுவரை கொட்டகையை நிறைத்த பையன் இன்று வாயைத் திறந்தால் தகரம். ராஜபார்ட்டாக இருந்தவன் கோஷ்டியில் நிற்பான், சீன் இழுப்பான், அல்லது ஊருக்குப் போவான். ஊரில் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. குரல் திரும்பி வந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். திரும்பாதவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. மேலே எழுதிய பெருமைமிக்க பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த வெற்றுப் பக்கத்தையும் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பெண் குழந்தைகளுக்குக் கம்பெனி வீட்டில் இடமே இல்லை. மேடையில் சீதையும் சாவித்திரியும் பையன்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு கம்பெனி நடத்தி, ஆதரவற்ற பெண்கள் பலருக்குப் புகலிடம் கொடுத்தார். அது விதிவிலக்கு, அந்தப் பெண்களை ஊர் என்ன பெயரால் அழைத்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. கம்பெனி ஊரோடு இழைந்திருந்தது என்று சொல்லும்போது, ஊரின் பாதிப்பேர் அந்த இழையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

1922இல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். 1925இல் திருவனந்தபுரத்தில் சகோதரர்கள் தங்கள் சொந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது சண்முகத்துக்குப் பதின்மூன்று வயது நிறையவில்லை. மூத்தவர் சங்கரன் நிர்வாகம். முத்துசாமி நாடக ஆக்கம். சண்முகமும் இளையவர் பகவதியும் மேடை. கம்பெனி வீட்டில் வளர்ந்த பிள்ளைகளே கம்பெனி முதலாளிகளானது ஒரு புதிய நிலைமை. சட்டதிட்டங்களை மேலிருந்து பெற்றவர்கள் அவற்றை மாற்றும் இடத்துக்கு வந்தார்கள்.

மாற்றினார்கள். எம். கந்தசாமி முதலியாரின் பயிற்சியில், ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜேந்திரா’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ முதலிய நாவல்கள் மேடையேறின. புராண வேஷம் போட்ட உடம்புகள் முதன்முறையாக கோட்டும் வேட்டியுமாக நின்று பேசின. 1930களின் தொடக்கத்தில் ‘தேசபக்தி’. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ ஸ்காட்லாந்தின் விடுதலைக் கதையைத் தழுவியது. சர்க்காரின் தடைக்கு ஆளானது. அதை வேறு பெயரில் மேடையேற்றி, அதில் பாரதியின் பாட்டுக்களைப் பாடினார்கள். பாரதி நூல் எத்தனை பேர் வீட்டில் இருந்தது அன்று? நூல் போகாத ஊருக்கெல்லாம் பாட்டு கொட்டகை வழியாகப் போயிற்று. பாரதியை மக்களிடம் சேர்த்தது யார் என்று நம் பத்திரிகைகளில் நடக்கும் சர்ச்சைகளில் இந்தப் பையன்களின் பெயர் வருவதே இல்லை. நிருபமா தேவியின் வங்க நாவல் ஒன்று முத்துசாமியின் கையில் ‘குமாஸ்தாவின் பெண்’ ஆயிற்று. 1941இல் படமாகவும் வந்தது. 1942இல் ‘ஔவையார்’. முப்பது வயது ஆண் பல் போன கிழவியாக மேடையில் நடந்து, வாழ்நாள் முழுக்க ‘ஔவை’ என்ற பட்டத்தோடு இருந்தார்.

இவை ஒன்றும் மகத்தான நாடகங்கள் அல்ல. அவற்றின் பாத்திரங்கள் தட்டையானவை; முடிவுகள் முன்கூட்டியே தெரிந்தவை. ஆனால் இந்த நாடகங்களைப் போடச் சொன்னது யார் என்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும். ஓர் ஊரில் இரண்டு மாதம் தங்குகிற கம்பெனிக்கு அந்த ஊரைவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது. மளிகைக் கடைக்காரர் பாக்கிக்காக நிற்பார்; அவரே இரவில் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பார். வசூல் விழுந்தால் சீனும் நகையும் அடகுக்குப் போகும்; ஊர்ப் பெரியவர்கள் கை கொடுத்தால்தான் அடுத்த ஊருக்கு ரயில் ஏற முடியும். பதிலுக்கு ஊர் தன் பள்ளிக்கூடத்துக்கோ வாசகசாலைக்கோ நிதி வேண்டுமானால் ஒருநாள் வசூலைக் கேட்கும், கொடுக்க வேண்டும். தர்மம் என்று இதைச் சொன்னாலும், கொடுக்கல் வாங்கல் என்பதே பொருத்தமான சொல். நாடகம் ஊருக்குக் கடன்பட்டிருந்தது. ஊர் நாடகத்துக்குக் கடன்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் கணக்கு முடியாமல் இருந்தவரை உறவும் முடியவில்லை.

நடிகர்களே கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள் என்பதையும், 1944இல் ஈரோட்டில் சகோதரர்கள் ஒரு நாடகக் கலை மாநாட்டைக் கூட்டினார்கள் என்பதையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கூத்தாடி என்று எவனை ஒதுக்கினார்களோ, அவனே தன் தொழிலின் எதிர்காலத்தைப் பேச அறிஞர்களை அழைத்து உட்கார வைத்தான். சம்பந்த முதலியார் தம் வர்க்கத்தின் கௌரவத்தை நாடகத்துக்குக் கடனாகக் கொடுத்தார். சகோதரர்கள் அந்தக் கௌரவத்தைத் தாங்களே சம்பாதித்தார்கள்.

*

1950இல் முழுநேரக் கம்பெனி முடிந்தது. காரணங்கள் மர்மமானவை அல்ல. கொட்டகைகள் சினிமாவுக்குப் போயின. நடிகர்கள் சினிமாவுக்குப் போனார்கள். சினிமா கம்பெனிகளின் எதிரி மட்டுமல்ல, வாரிசும்கூட. 1935இல் ‘மேனகா’ படமானபோது ஏறக்குறைய ஒரு கம்பெனியே காமிராவுக்கு முன் போய் நின்றது. மிஞ்சியது சென்னையும் அதன் சபாக்களும். நாடகக் குழு இனி ஊரில் தங்க வேண்டாம். மாலை போய், இரண்டரை மணி நேரம் நடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பலாம். ஊரின் இடத்தில் சந்தாதாரர் வந்தார். ‘ராஜராஜ சோழன்’ போன்ற பெரிய தயாரிப்புகள் அதன்பின்னும் வந்தன. 1960களில் சிறுவன் கமல்ஹாசன் சண்முகத்திடம் வந்து சேர்ந்தான். 1996இல் ‘அவ்வை சண்முகி’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்துத் தன் கடனை நினைவுகூர்ந்தான். ஆனாலும் அது மற்றொரு காலம். அடுப்பு அணைந்துவிட்டது.

அந்தக் கம்பெனியிலிருந்து வந்த சகஸ்ரநாமம் 1952இல் சேவா ஸ்டேஜைத் தொடங்கி, பி.எஸ். ராமையாவையும் தி. ஜானகிராமனையும் நாடகம் எழுத வைத்தார். ‘தேரோட்டி மகன்’, ‘நாலு வேலி நிலம்’ எல்லாம் அப்படி வந்தவை. சிறுகதைக்காரர்களுக்கும் மேடைக்கும் நடுவே இருந்த ஒரே நல்ல பாலம் ஒரு பாய்ஸ் கம்பெனிப் பையன் கட்டியது. நம் இலக்கிய வரலாற்றில் இதற்கு ஒரு அடிக்குறிப்புக்கூட இல்லாதது ஆச்சரியம்.

1977இல் காந்திகிராமத்தில் சே. ராமானுஜம் நடத்திய நாடகப் பட்டறை, அதே ஆண்டில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, அடுத்து நிஜ நாடக இயக்கம், பரீக்ஷா என்று நவீன நாடகம் வந்தபோது கம்பெனி நாடகத்தைத் தாண்டி தெருக்கூத்தைப் பார்த்தது. அது சரியான பார்வை. நம் உடல்மொழி அங்கேதான் இருந்தது. ஆனால் தாண்டிப் போனதில் ஒரு கேள்வியையும் சேர்த்துத் தாண்டிவிட்டோம்: நாள் முழுதும் நடிகனாக இருக்கிறவன் எதைத் தின்பான்? கூத்துப்பட்டறை இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியில் முழுநேர நடிகர்களை வைத்துக்கொண்டது. பயிற்சி தீவிரமாக நடந்தது. நல்ல நடிகர்கள் உருவானார்கள். பிறகு அவர்களையும் சினிமா எடுத்துக்கொண்டது. 1935இல் நடந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அப்போது மளிகைக்கடைப் பாக்கி உள்ளூரில் இருந்தது. இப்போது சோறு கடல் கடந்து வந்தது. ஆகவே அந்த நாடகத்துக்கு எந்தத் தமிழ் ஊரிடமும் கடன் இல்லை. கடன் இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை. பார்வையாளர் வராததை ரசனைக் குறைவு என்று எழுதித் தீர்த்துக்கொண்டோம்.

பாய்ஸ் கம்பெனியின் பிழைகளைத் திருத்தி எழுதிப் பார்த்த முயற்சி ஒன்றே ஒன்றுதான் என் கண்ணில் படுகிறது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் காஞ்சிபுரத்துக்கு அருகே, 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் கீழ், 2002இல் தொடங்கிய குருகுலம். ஏழைக் குழந்தைகளுக்கு உணவும் உறைவிடமும்; கூத்தோடு சேர்ந்து முறையான பள்ளிப் படிப்பு; பெண் குழந்தைகளுக்கும் இடம். ஆண்கள் மட்டுமே கட்டிவந்த கட்டையைப் பெண்கள் கட்டி ராஜவேஷத்தில் ஆடினார்கள். கம்பெனி வீட்டில் எது இல்லையோ அது அங்கே இருந்தது. அது 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள். சகோதரர்களின் முழுநேரக் கம்பெனி நின்றது இருபத்தைந்து ஆண்டுகள்.

பாய்ஸ் கம்பெனி திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. குழந்தையின் உழைப்பில் எரிந்த அடுப்பு அது; அணைந்தது நியாயம். ஆனால் அது அணைந்த இடத்தில் வேறு அடுப்பு எதையும் நாம் மூட்டவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரை வைத்தார்கள். மதுரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் கோயில் திருவிழாக்களில் அவருடைய ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகமாக இரவெல்லாம் நடக்கிறது. அங்கே நடிகனுக்குக் கூலி கொடுப்பது ஊர். நாம் ரசிக்காத நாடகத்துக்கு இன்னும் ஊர் இருக்கிறது. நாம் ரசிக்கிற நாடகத்துக்கு ஊர் இல்லை. இதைக் கீழ்த்தர ரசனை என்று சொல்லிக் கடப்பது சுலபம். அடுத்த தடவை ஒரு புதிய பிரதியை நாம் கூடி வாசித்து விவாதிக்கும்போது, அதன் உருவத்தையும் பாத்திரங்களையும் பேசி முடித்தபின், இதை ஆடப்போகிறவன் அடுத்த வேளைக்கு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவான் என்பதையும் ஒரு விமர்சனக் கேள்வியாகக் கேட்கலாம். அதற்கு விடை இல்லாத வரையில் நாம் எழுதுவது நாடகம் அல்ல, நாடகத்தைப் பற்றிய இலக்கியம்.